துடக்கு வீட்டில் இறால் சோறு

கொழும்பிலிருந்து சித்தப்பாவின் மகன் தொலைபேசி எடுத்தபோது காலை பத்து மணி இருக்கும். எங்கள் அம்மா இறந்து பதினொரு நாளாகிவிட்டது என்றான். யாழ்ப்பாணத்திலிருந்து யாராவது வந்து சொன்னால்தான் கொழும்புக்கே செய்தி தெரியும் என்ற காலம் அது. "எல்லாம் முறையாச் செய்தாச்சு அண்ணை, எட்டாம் நாள் செலவும் முடிஞ்சுது" என்றான். நான் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ரிசீவரை வைத்த பிறகு, அழ வேண்டும் என்று நினைத்தேன். வரவில்லை. மேசையில் கிடந்த, காலையில் சாப்பிட்ட பாணின் தூளைத் தட்டி ஒதுக்கினேன்.

நாங்கள் இருந்தது வெளிநாட்டில், டோர்செட் பார்க்கில் ஒரு ஒன்பதாம் மாடி அப்பார்ட்மென்ற். நானும் தங்கச்சியும் அவள் புருஷன் மச்சானும். தங்கச்சிக்கு மூன்றாம் மாதம். முந்தின வருஷம் ஒரு கரு தங்காமல் போனது. இந்த முறை ஒன்பது நாளாக அவள் வயிற்றில் எதுவும் நிற்கவில்லை. கஞ்சி, பிஸ்கற், ரின்னில் வந்த இளநீர், எல்லாம் போன வேகத்தில் வெளியே வந்தன. இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் மறித்து வைக்க வேண்டிவரும், பிள்ளைக்கும் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். தொலைபேசி அடித்தபோதும் அவள் பாத்ரூமில்தான் இருந்தாள்.

மச்சானின் ஃபாக்டரிக்கு அடித்து, அவனைக் கூப்பிட வைத்துச் சொன்னேன். "வெள்ளிக்கிழமை டொக்டரிட்டைப் போறம். அதுவரைக்கும் அவளுக்குச் சொல்லாதேங்கோ மச்சான்" என்றான். சரி என்றேன்.

தங்கச்சி வெளியே வந்து சோபாவில் சரிந்தாள். "அண்ணா, அண்டைக்கு நீங்கள் வேலையிலயிருந்து கொண்டந்த சிவப்புச் சோறு, றால் போட்டது. அது எண்டால் சாப்பிடலாம் போல கிடக்கு."

டவுன்டவுனில் ஒரு கேஜன் சாப்பாட்டுக்கடையில் எனக்குக் குசினி வேலை. அமெரிக்காவின் தெற்கே, லூசியானாப் பக்கத்துச் சமையலாம். முதலாளி கிரேக்கன், சமைக்கிற நாலு பேரும் யாழ்ப்பாணத்தார், லூசியானாவை ஒருத்தனும் கண்டதில்லை. சாப்பிட வருகிற வெள்ளைக்காரர் மட்டும் அச்சொட்டாய் இருக்கிறது என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

எங்கள் வழக்கில் தாய் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை துடக்கு, தீட்டு. மீன், இறால், இறைச்சி எதுவும் அந்த வீட்டு அடுப்பில் ஏறாது. நான் மூத்த மகன், தொடவே கூடாது. "மரக்கறி போட்டுச் செய்யட்டே?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"றால் இல்லாமல் அது என்ன சோறு?" என்றாள். "சமைக்கப் பஞ்சியெண்டால் விடுங்கோ." முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஒன்பது நாளில் அவள் வாய் திறந்து கேட்ட முதல் சாப்பாடு அது. சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

பஸ் எடுத்து வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு மீன்கடைக்குப் போனேன். அங்கே நின்று நிதானமாக, ஓடு இறுகின இறாலாகப் பார்த்துப் பொறுக்கினேன். தலையடியில் கறுத்திருந்த இரண்டைத் திருப்பிப் போட்டேன். என்ன மனுசன் நான் என்று இப்போது எரிச்சல் வருகிறது. அப்போது அதுவும் வரவில்லை.

வீட்டில் ஓட்டை உரித்து, முதுகு நரம்பை எடுத்து, தலையையும் ஓட்டையும் தண்ணீரில் அவிய விட்டேன். அந்தத் தண்ணீரில்தான் சோறு வேக வேண்டும். வெங்காயம், பச்சை பெல் பெப்பர், செலரி மூன்றையும் அரிந்தேன்.

"உந்த மாட்டுத் தீனியையும் போடுறியளோ?" என்றாள் தங்கச்சி, செலரியைப் பார்த்து. பகிடி விடுகிற அளவுக்கு உயிர் வந்திருந்தது.

"பேசாமல் இரு. இது இல்லாட்டில் கேஜன் இல்லை."

எண்ணெயில் மூன்றையும் வதக்கி, வெள்ளைப்பூடு, பப்ரிக்கா, காய்ந்த தைம் இலை, மிளகாய்த்தூள் போட்டு, ரின் தக்காளியை ஊற்றினேன். கழுவிய அரிசியைக் கொட்டிப் பிரட்டி, ஓடு அவித்த தண்ணீரை வடித்து ஊற்றி மூடினேன். மூடினால் பிறகு கிண்டக் கூடாது, குழைந்துவிடும். தண்ணீர் வற்றியதும் இறாலை மேலே பரப்பித் திரும்ப மூடினேன். கை தன்பாட்டில் செய்தது. அம்மாவின் முகத்தை நினைக்கப் பார்த்தேன். சட்டியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதுதான் மனதில் ஓடியது.

சாப்பாட்டுக் கோப்பையில் கொஞ்சம் போட்டு, "உப்புப் பார்" என்று நீட்டினேன்.

"ஏன், நீங்கள் பாக்கேல்லையோ?" குசினியில் நான் வாயில் வைக்காமல் எதையும் இறக்காதவன் என்று அவளுக்குத் தெரியும். "நீங்களும் போட்டுக்கொண்டு வாங்கோ. தனியச் சாப்பிட எனக்கு ஏலாது."

போட்டுக்கொண்டு எதிரே இருந்தேன். அவள் ஒரு வாய் வைத்தாள். பிறகு இன்னொன்று. நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பதைக் கண்டு கையை நிறுத்தினாள். அதற்காகத்தான் முதல் வாய் வைத்தேன். ஓட்டின் சாறு அரிசிக்குள் நன்றாக இறங்கியிருந்தது. இறால் இனித்தது. காலையிலிருந்து மரத்துக் கிடந்த எனக்கு அன்று முதன்முதலாக உறைத்தது அந்த ருசிதான். வெட்கமாக இருந்தது, ஆனாலும் கை நிற்கவில்லை. கோப்பை முடிந்ததும் எழும்பிப் போய் இரண்டாந்தரமும் போட்டுக்கொண்டு வந்தேன்.

அவள் வயிற்றில் அது நின்றது. அடுத்த நாளும் மிச்சத்தைச் சூடாக்கிச் சாப்பிட்டாள். வெள்ளிக்கிழமை, பிள்ளையின் இதயம் நன்றாக அடிக்கிறது என்றாராம் டொக்டர். வீட்டுக்கு வந்து அவளை இருத்தி அம்மாவின் செய்தியை மச்சான் சொன்னான். நான் பக்கத்தில் நின்றேன். நிலத்தில் இருந்து நெடுநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அண்டைக்குச் சமைக்கேக்கை உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"எனக்குச் சமைச்சுத் தந்தது சரி. ஒரு வாய் வைச்சதும் சரி. நீங்கள் ஏன் அண்ணா ரெண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டனீங்கள்?"

"நீர் சந்தேகப்படக் கூடாதெண்டுதான்" என்றான் மச்சான், எனக்காக. நல்ல மனுசன். நான் தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"இல்லை பிள்ளை," என்றேன். "எனக்குப் பசிச்சது."