சித்தி செய்யவைத்த வகுப்புப் பக்கம்

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் வேலை செய்யும் கணினி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தூசு படாமலிருக்கப் பூப்போட்ட துணியால் மூடி வைத்திருப்பார்கள். அந்த வருடம் ஒவ்வொரு வகுப்பும் தனக்கென்று ஓர் இணையப் பக்கம் செய்ய வேண்டுமென்று கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நன்றாகச் செய்யும் பாடசாலைகளுக்குப் புதிய கணினிகள் கிடைக்குமாம். எங்கள் வகுப்பாசிரியர் கணித சார். கணக்கில் புலி. கணினிக்கு முன்னால் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, பதுளை டவுனில் ஒரு கொமினிகேஷன் கடையில் போட்டோ கொப்பி எடுப்பது, கல்யாணக் கார்டு டைப் செய்வது என்று வேலை பார்த்து வந்தார். இதே பாடசாலையில் இதே சாரிடம் படித்து, பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறியதால் நின்றுபோனவர். சார் எங்கள் லயத்து வீட்டுக்கே வந்து சித்தியிடம் கேட்டார்.

"புள்ளைகளுக்குக் கொஞ்சம் காட்டிக் குடும்மா. எனக்கும்தான்."

சித்தி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். "புதன்கிழமை எனக்கு லீவு சார். வர்றேன்" என்றார்.

முதல் நாளே சார் அவரை எங்கள் முன்னால் "டீச்சர்" என்று கூப்பிட்டார். சித்திக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்து வகுப்பை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

ஆளுக்கு நான்கு வரி எழுதி நாங்களே டைப் செய்ய வேண்டும் என்பது சித்தியின் ஏற்பாடு. நான் அம்மா கொழுந்து பறிக்கும் மலையைப் பற்றி எழுதினேன். ஒருவன் அட்டை கடித்தால் என்ன செய்வதென்று எழுதினான். சாரும் ஒற்றை விரலால் எழுத்துத் தேடித் தேடித் தன் நான்கு வரியை அடித்தார். ஏழு புதன்கிழமைகளில் பக்கம் தயாரானது.

அதைப் பார்க்கக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி தன் மடிக்கணினியில் அதைத் திறந்தார். படங்கள் வந்தன. தமிழ் வரவில்லை. எங்கள் வரிகள் இருந்த இடமெல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்.

"என்ன டீச்சர் இது?" என்றார் சார் மெதுவாக.

"தெரியல சார். கடையில கேட்டுச் சொல்றேன்" என்றார் சித்தி.

தெரியவில்லை என்று அத்தனை பேர் முன்னால் அவர் சொன்னது எனக்கு அவமானமாக இருந்தது. வெளியே போய் கடை முதலாளியிடம் போனில் பேசிவிட்டு வந்தார். நாங்கள் அடித்த எழுத்துரு எங்கள் கணினியில் மட்டும்தான் இருந்ததாம். எல்லாக் கணினியிலும் தெரிகிற முறையில் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்துத் தோட்டப் பாடசாலைக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பி வருவதாகச் சொன்னார்.

அதன்பிறகு நடந்ததை இப்போதும் பெருமையாகச் சொல்வேன். யாரும் எழுதிவைத்த கொப்பியைத் தேடவில்லை. வரிசையாக ஒவ்வொருவரும் வந்து தன் நான்கு வரியை மனதிலிருந்து சொல்ல, சித்தி அடித்தார். சார் பக்கத்தில் நின்று பிழை பார்த்தார். சாப்பாட்டு மணி அடித்தும் ஒருவரும் எழுந்து போகவில்லை. அதிகாரியின் வேன் வளைவில் ஏறும் சத்தம் கேட்டபோது கடைசிப் பிள்ளை தன் நான்காவது வரியைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த முறை தமிழ் தமிழாகவே வந்தது. அதிகாரி அட்டைக் கடி வைத்தியத்தை வாய்விட்டு வாசித்துச் சிரித்தார். பிறகு சித்தியிடம் கேட்டார்.

"இணையப் பக்கம் செய்ய எங்க படிச்சீங்க?"

"இங்கதான் சார், இந்த ஸ்கூல்ல."

சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கோ கோபம். சித்தி படித்த காலத்தில் அங்கே ஒரு கணினிகூட இருந்ததில்லை. டவுனில் பெரிய கோர்ஸ் படித்தேன் என்று சொல்லியிருந்தால் எவ்வளவு மதிப்பாக இருந்திருக்கும். வீட்டுக்குப் போகும் வழியில் ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். சித்தி சிரித்துவிட்டு நடந்தார்.

அடுத்த தவணைக்குப் பாடசாலை திறந்தபோது நான்கு கணினிகள் வந்தன.

இன்று நான் வெலிமடைப் பக்கம் ஒரு பாடசாலையில் கணினி கற்பிக்கிறேன். சென்ற மாதம் ஒரு பிள்ளை கேட்டதற்கு விடை தெரியாமல், நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் போனில் தேடிப் படித்தேன். அப்போதுதான் உறைத்தது. கல்யாணக் கார்டு அடித்துக்கொண்டிருந்த சித்திக்கு இணையப் பக்கம் செய்ய எப்படித் தெரிந்திருக்கும்? ஒவ்வொரு புதன்கிழமையும் எங்களுக்குக் காட்டியதை அந்தந்த வாரம்தான், பாடசாலைக் கணினியில் எங்களோடு சேர்ந்தே, அவர் தானே கற்றிருக்கிறார். அதிகாரியிடம் அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.