ஏப்ரனுக்கு மேல் தீட்டிய கோட்டு

மேடையில் நான் தோற்றதில்லை. இதைத் தற்பெருமை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத் தமிழ்ப் பாடசாலையின் பேச்சுப் போட்டிகளில் ஏழு வயதிலிருந்து பேசியவள் நான். பதினெட்டு வயதில், பட்டிமன்றத்தில் என்னை எந்த அணியில் நிறுத்தினாலும் அந்த அணியே வென்றது. ஆனால் என் ஆகச் சிறந்த வாதத்தைக் கேட்டவர் ஒரே ஒருவர். அவருக்குத் தமிழ் தெரியாது.

அவர் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்த ஓவியர். கருங்கடலோரத் துறைமுக நகரொன்றில் பிறந்த யூதர். சோவியத் நாடு உடைந்த பின், எழுபதை நெருங்கும் வயதில், மனைவியோடும் சட்டங்களிலிருந்து கழற்றிச் சுருட்டிய ஓவியங்களோடும் ஜெர்மனிக்கு வந்தவர். வாழ்நாள் முழுவதும் உழைப்பவர்களையே வரைந்தார்: மூட்டை இறக்குபவர்கள், மீன் பதனிடும் பெண்கள், சுரங்கத்திலிருந்து மேலேறி வந்து வெளிச்சத்துக்குக் கண் கூசி நிற்பவர்கள். சோவியத் காலத்தில் படங்களைப் பார்வையிட அரசுக் குழு ஒன்று வருமாம். "இந்தப் பெண் ஏன் களைத்திருக்கிறாள்? சிரிக்கட்டும்" என்று கட்டளையிடுமாம். இவர் சிரிப்பை வரைந்து கொடுப்பாராம்.

இங்கே வந்த பிறகு காட்சிக்கூடக்காரர்கள் வேறு பாட்டுப் பாடினார்கள். தொழிலாளர் படங்களின் காலம் போய்விட்டது, நீங்கள் யூதர்தானே, மெழுகுதிரி, வயலின் என்று ஏதாவது வரையுங்களேன் என்றார்கள்.

"அங்கே என் அடையாள அட்டையில் யூதன் என்று எழுதிவிட்டு, சோவியத் படம் கேட்டார்கள். இங்கே யூதப் படம் கேட்கிறார்கள்" என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தார். மெழுகுதிரியை அவர் வரையவில்லை. குப்பை வண்டிக்காரரை வரைந்தார், ரயில் நிலையத்தில் தரை துடைக்கும் பெண்ணை வரைந்தார். எந்தக் கூடமும் அவற்றைச் சுவரில் மாட்டவில்லை.

பிறகு என் அப்பாவை வரைந்தார்.

அப்பா ஓர் இத்தாலிய உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவினார். மத்தியான இடைவேளைகளில் ஓவியர் அந்தச் சமையலறையின் பின்கதவடியில் படம் வரையும் கொப்பியோடு நிற்பார். இருவருடைய ஜெர்மனையும் சேர்த்தாலும் ஒரு முழு வாக்கியம் தேறாது. ஆனாலும் மணிக்கணக்காகப் பேசினார்கள். மொழிபெயர்க்க என்னை அழைக்காததில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட இருந்தது.

படம் முடிந்ததும் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். நீராவிக்குள் அப்பா நின்றார். ஈர ஏப்ரன். முழங்கை வரை சுருட்டிய சட்டை. தண்ணீரில் ஊறி வெளுத்து, நகக்கண் வெடித்த இரண்டு கைகள் படத்தின் நடுவில் பெரிதாக இருந்தன.

"பாத்தியே பிள்ளை, என்ர கையை எவ்வளவு வடிவாய்க் கீறியிருக்கிறார்" என்றார் அப்பா.

"முகத்தை விட்டிட்டுக் கையைப் பாக்கிறார் மனுசன்! மூக்கைப் பாருங்கோ, உங்கட மாமான்ர மூக்கு அப்பிடியே" என்றார் அம்மா.

நான் ஏப்ரனைத்தான் பார்த்தேன். அந்தப் படத்தை ஓவியர் எங்கள் தமிழ்ப் பாடசாலைக்கு அன்பளிப்பாகக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். சரஸ்வதி பூசையையொட்டிய வாணி விழாவில் திரை நீக்கப்படும். சிறப்புரை என்னுடையது.

எங்கள் விழாக்களுக்கென்று எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. கிழமை நாட்களில் ஏப்ரன் கட்டிய ஆண்கள் அன்று கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வருவார்கள். "வேலை எப்பிடிப் போகுது அண்ணை?" என்று கேட்கலாம், என்ன வேலை என்று கேட்கக் கூடாது. மண்டபத்தில் பாதிப் பேருடைய விரல்களில் சவர்க்கார வெடிப்பு இருந்தது, ஒருவர் விரலை ஒருவர் பார்ப்பதில்லை. அந்த மண்டபத்துச் சுவரில் என் அப்பா மட்டும் ஈர ஏப்ரனோடு நிற்பதா? 'கோப்பை கழுவிறவற்ர மகள்' என்ற சொற்களை, எவரும் சொல்லுமுன்னரே என் காது கேட்டுவிட்டது.

விழாவுக்கு ஒரு மாதம் இருக்கையில், தனியாக மூன்றாம் மாடிக்கு ஏறினேன். பிழையற்ற ஜெர்மனில் மூன்று நியாயங்களை அடுக்கினேன். ஒன்று, ஒருவர் எப்படித் தோன்ற வேண்டும் என்பது அவருடைய உரிமை. இரண்டு, அப்பா ஊரில் பாடசாலை அலுவலகத்தில் எழுதுநராக இருந்தவர். கையில் புத்தகமும் உடலில் கோட்டும் வரைந்தால் அதுவும் உண்மைதான். மூன்று, ஏப்ரனைப் பார்ப்பவர்கள் மனிதனைப் பார்க்க மாட்டார்கள்.

ஓவியர் கடைசி வரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்பா சொன்னாரா?"

"அப்பாதான் சொன்னார். நேரில் சொல்ல அவருக்குக் கூச்சம்."

தூரிகையைத் துணியில் நெடுநேரம் துடைத்தார். "குழு சொன்னால் கோபம் வரும்" என்றார் அவருடைய உடைந்த ஜெர்மனில். "உன் அப்பா, நண்பர்."

மூன்று நியாயங்களில் ஒன்றுகூட அவரை அசைக்கவில்லை. அசைத்தது பொய்.

விழாவன்று திரை விலகியது. கறுப்புக் கோட்டு, கழுத்துப்பட்டி, கைகளை மூடிய தடித்த புத்தகம். மண்டபம் கைதட்டியது. நான் இருபது நிமிடம் பேசினேன். அன்று பேசியதுபோல் அதற்கு முன் பேசியதில்லை என்றார்கள். பொன்னாடை போர்த்தப்பட்ட ஓவியர் முன்வரிசையில் இருந்தபடி என் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், சொன்னபடி செய்தும் இன்னும் என்ன குறை என்று தேடுபவர்போல. அப்பா படத்தை மட்டும் பார்த்தார்.

ஆற்றுக்கு மேலே தண்டவாளத்தில் தொங்கியபடி ஓடும் ரயிலில் வீடு திரும்புகையில் அம்மா, "படத்தில கோட்டோட மாப்பிள்ளை மாதிரி இருக்கிறியள்" என்று சீண்டினார். அப்பா சிரிக்கவில்லை. ஆற்றைப் பார்த்தபடி என்னிடம் கேட்டார்:

"அந்தாளுக்கு என்ர வேலை வெக்கமாய்ப் போச்சுதோ, பிள்ளை?"

எந்த மேடையிலும் சொல்லுக்குத் தடுமாறாதவள், அன்றும் தடுமாறவில்லை.

"இருக்கும் அப்பா" என்றேன்.

அதன் பிறகு ஓவியர் பின்கதவடிக்கு வரவில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் அப்பா கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு தலையசைப்பார். ஓவியரும் தலையசைப்பார். நண்பர் தன்னைக் கண்டு வெட்கப்பட்டதாக ஒருவர் நம்பினார். நண்பர் தன் ஓவியத்தைக் கண்டு வெட்கப்பட்டதாக மற்றவர் நம்பினார். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் தீர்க்கக்கூடிய நான் அதே படிக்கட்டில் நாளுக்கு நான்கு முறை ஏறி இறங்கினேன்.

இரண்டு பனிக்காலங்கள் கழித்து ஓவியர் இறந்தார். சாவுக்கு அழைப்பு வேண்டியதில்லை என்று சொல்லி அப்பா வேலையில் விடுப்பு எடுத்துப் போனார். யூத மயானத்தில் ஆகப் பின்னால் நின்றார். என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை என்றார். ஓவியரின் மனைவியிடம் நானே ஜெர்மனில் அனுதாபம் தெரிவித்தேன், மிக அழகாக.

அந்தப் படம் இன்னமும் பாடசாலைச் சுவரில் தொங்குகிறது. புதிதாகச் சேரும் பிள்ளைகள் அதை யாரோ பேராசிரியர் என்று நினைக்கிறார்கள்; எவரும் திருத்துவதில்லை.

இதை ஜெர்மனில் எழுதியிருந்தால் நிறையப் பேர் வாசித்திருப்பார்கள், என் அப்பா மட்டும் வாசித்திருக்க மாட்டார். அப்பா, வெட்கப்பட்டது ஓவியர் இல்லை. நான்.