நாலு விரல் இறக்கம்

பொறாமைக்காரன் என்று என்னை யாரும் சொன்னதில்லை. சகலை வரும்வரை பொறாமைப்படும்படி எனக்கு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

எண்பதுகளின் நடுவில் பழவேற்காட்டில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மெக்கானிக் ஷெட் இருந்தது. மீன் ஏற்றிப்போகும் வேன்களும் படகு இன்ஜின்களும்தான் பிழைப்பு. மாமனார் வீடு திருப்பாலைவனத்துக்கு இந்தப் பக்கம், ரோட்டை ஒட்டி. நெல் போடுவார், அறுத்ததும் அதே நிலத்தில் உளுந்து போடுவார். இரண்டு பெண்களில் மூத்தவளை நான் கட்டியிருந்தேன். பம்ப் செட் வாங்குவதிலிருந்து ரேடியோவுக்கு பேட்டரி மாற்றுவது வரை அந்த வீட்டில் என்னைக் கேட்காமல் எதுவும் நடக்காது. "பெரிய மாப்ளைய ஒரு வார்த்த கேட்டுடு" என்பார் மாமனார். அந்த வார்த்தை காதில் விழுவதற்காகவே நான் வாராவாரம் ஏரி இறாலைப் பையில் போட்டுக்கொண்டு போவேன் என்று இப்போது சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

சின்னவளைக் கட்டியவன் மெட்ராஸில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். கல்யாணமாகி மறு வருஷம் ஒரு கார் வாங்கினான். பழைய வெளிநாட்டுக் கார், இரண்டே கதவு, சிவப்பு நிறம். சோழவரம் ரேஸில் ஓட்டப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அது வாசலில் வந்து நின்ற அன்றைக்கு மாமனார் தோள் துண்டை எடுத்து அதன் கண்ணாடியைத் துடைத்தார். பத்து வருஷமாக நான் பைக்கில் வந்து இறங்குகிறேன், அதன் சீட்டை அவர் ஒரு நாளும் துடைத்ததில்லை. அன்று அவனுக்காகக் கோழி அடித்தார்கள். என் இறால் அப்படியே பையில் கிடந்து நாறியது. இது போதாதென்று என் மனைவி வீட்டுக்கு வந்தபிறகு, "தங்கச்சி அதுல ஒக்காந்தா படத்துல வர்ற மாதிரி இருக்காள்ல?" என்றாள்.

அந்தக் காரை அவன் என்னிடமே கொண்டுவந்தான். வளைவில் திருப்பும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது, ஸ்பிரிங்கை மாற்றித் தாழ்வாக இறக்கவேண்டும் என்றான். புதுப்பேட்டையில் சொல்லிவைத்து இரண்டு செட் சுருள் ஸ்பிரிங் செய்து வாங்கி வந்திருந்தான். ஒன்றைப் போட்டால் வண்டி இரண்டு விரல் இறங்கும், இன்னொன்றைப் போட்டால் நாலு விரல். இரண்டுக்கும் தோதாகக் குட்டையான ஷாக் அப்சர்பர்களும் இருந்தன. எல்லாவற்றையும் என் ஷெட்டில் சாக்கு விரித்துப் பரப்பிவிட்டு, "எனக்கு இன்னா தெரியும்? நம்ம ரோட்டுக்கு எது சரின்னு நீங்களே பாத்துப் போடுங்கண்ணா" என்றான்.

நம்ம ரோடு என்றால் என்ன என்று எனக்கு நன்றாகவே தெரியும். மாசி கடைசியில் உளுந்தைப் பிடுங்கிக் காய்ந்த செடியோடு ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி மிதித்தால் காய் உடைந்து மணி கீழே தங்கிவிடும். ஆள் வைத்து அடிக்கும் வேலை மிச்சம். அந்தச் செடி என் வேன்களின் அடியில் போய்ச் சுற்றிக்கொள்ளும். வருஷத்துக்கு ஏழெட்டுத் தடவையாவது அரிவாளோடு கீழே படுத்து அறுத்து எடுப்பேன். அவ்வளவு உயரமான வேனுக்கே அந்தக் கதி. இன்னும் பத்து நாளில் ரோடு முழுக்க உளுந்தாக இருக்கும்.

முதலில் இரண்டு விரல் ஸ்பிரிங்கைத்தான் கையில் எடுத்தேன். அப்போது மாமனார் கார் கண்ணாடியைத் துடைத்தது கண்ணில் வந்து நின்றது. அதைக் கீழே வைத்துவிட்டு மற்றதை எடுத்தேன். வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. ஷாக்குகளை ஒவ்வொன்றாகக் கையால் அமுக்கிப் பார்த்து, ஒரே மாதிரி எழும்பியதைத்தான் ஜோடி சேர்த்தேன். மாட்டி முடித்ததும் மட்கார்டை அமுக்கிவிட்டேன். வண்டி ஒரே ஒரு தரம் எழும்பி அப்படியே நின்றது. தரையோடு தரையாகப் பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. உளுந்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. செடி மாட்டி நடுரோட்டில் நிற்கட்டும், ஊரே பார்க்கட்டும், அது போதும் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். ரேஸுக்குப் பணம் கட்டப்போகிறேன் என்றான். எல்லோருமாக மாமனார் வீட்டுக்குச் சாப்பிடப் போவதாகப் பேச்சு. கிளம்பும்போது என் மனைவி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நீ என்னோடு பைக்கில் வா என்றேன். நான் ஒரு தடவைகூட அதில் போனதில்லை என்றாள். இறங்கு என்று சொல்ல என்ன காரணம் சொல்வது? பைக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

மாமனார் வீட்டுக்கு அரை மைல் இருக்கும்போது உளுந்து ஆரம்பித்தது. கார் அதன்மேல் வேகமாக ஏறியது. செடியெல்லாம் அடியில் திரண்டது. கொஞ்ச தூரத்தில் புகை வந்தது, சைலன்ஸருக்குக் கீழே மஞ்சளாக நெருப்பு தெரிந்தது. பின்சீட்டுக்குக் கதவு கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹாரனை விடாமல் அழுத்தினேன். வண்டி நின்றது. அவன் இறங்கி முன்சீட்டை மடக்கி முதலில் என் மனைவியைத்தான் கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டான். அவன் மனைவி அந்தப் பக்கமாகத் தானே இறங்கிக்கொண்டாள். வயலில் இருந்தவர்கள் வாய்க்கால் தண்ணீரும் மண்ணுமாக அள்ளிக்கொட்டி அணைத்தார்கள். ஆளுக்கு ஒன்றுமில்லை. காரின் அடிப்பக்கம் வயரெல்லாம் கருகிப்போயிருந்தது.

மாமனார் ஓடிவந்தார். எரிந்தது அவர் உளுந்து. பெண்கள் இரண்டு பேரையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, குனிந்து காரின் அடியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வேல பாத்தது நீங்கதான மாப்ள? இந்த ரோடு உங்களுக்குத் தெரியாதா?"

சகலை கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னான்.

"அண்ணன் வேணாம்னுதான் சொன்னாரு மாமா. நான்தான் கேக்கல."

அவன் என்னைப் பார்க்கவில்லை. மாமனார் அவனைப் பிடித்துக்கொண்டார். தெரிந்தவர் சொன்னால் கேட்கவேண்டாமா என்று வழியெல்லாம் திட்டு. சாப்பிட உட்கார்ந்தபிறகும் விடவில்லை. என்னைக் காட்டி, இந்த மனுஷன் பேச்சைத் தட்டி இந்த வீட்டில் எதுவும் உருப்பட்டதில்லை என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். என் இலையில் மாமனாரே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். அதுவரை நான் அவன் காரைப் பார்த்து மட்டும்தான் பொறாமைப்பட்டிருந்தேன்.