அம்மாவின் பிடியரிசி, முண்டியம்பாக்கம் வரை

போன ஞாயிறு நான் திண்டிவனம் போனது ஊர் சுற்றிப் பார்க்க இல்லை, ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுபோய்ச் சேர்க்க. மழைக்காலத்தில் இறந்துபோன அம்மாவின் டின் அது. சென்னையில் என்னோடு இருந்தபோதும், அரிசி களைவதற்கு முன் ஒரு பிடி அதில் போடுவார். பிடியரிசி. மாதத்தின் முதல் ஞாயிறு அது எங்கள் திண்டிவனம் சர்ச்சுக்குப் போய், இல்லாதவர்களுக்குக் கஞ்சியாகும்.

"மிஞ்சினதைக் குடுக்கறது பெருசில்லடி. ஒலையில போடறதுக்கு முன்னாடி எடுக்கணும். ஆண்டவருக்குப் பசிக்கும்ல" என்பார். ஆண்டவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார் என்று கேட்டு, சின்ன வயதில் முதுகில் வாங்கியிருக்கிறேன்.

டின் முக்கால்வாசி நிறைந்திருந்தது. அம்மா கையால் போட்ட கடைசி அரிசி. கொடுக்கவும் மனசில்லை, வண்டு விழ விடவும் மனசில்லை.

காலை ஆறு மணிக்குக் கிளாம்பாக்கத்தில் விழுப்புரம் பஸ். திண்டிவனம் இரண்டு மணி நேரம். மடியில் டின்னைப் பார்த்த கண்டக்டர், "இன்னாம்மா, முறுக்கா?" என்றார். அரிசி என்றேன். "திண்டிவனத்துக்கே அரிசி எடுத்துக்கினு போறியா!" பக்கத்து சீட்டெல்லாம் சிரித்தது. நானும்தான்.

சர்ச்சுக்குப் பின்னால் அதே வேப்பமரம், அதே அண்டா. ரேஷன் அரிசி, பொன்னி, இட்லி அரிசி என்று ஒவ்வொரு வீட்டு டின்னும் ஒரே முறத்தில் விழும். சோறாக வடித்தால் ஒன்று குழையும், இன்னொன்று வேகாது. அதனால்தான் கஞ்சி. அந்த வாசனைக்கு, கடைசிப் பாட்டு முடியும் முன்பே பின்பக்கம் ஓடிய நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன.

என் முறை வந்தபோது கை டின்னை விடவில்லை.

கஞ்சி வேலையைப் பார்க்கும் ரோஸியக்கா, அம்மாவோடு பாடல் குழுவில் இருந்தவர். "அக்கா, இத நானே வெச்சுக்கறேன். கடையில வாங்கித் தர்றேன்" என்றேன்.

"வெச்சுக்கோம்மா, உங்க அம்மாது. ஆனா ஊத்தறதுக்கு ஆளு பத்தல, கூட வா."

கஞ்சி அண்டாவோடு டெம்போவில் முப்பது கிலோமீட்டர் போனால் முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரி. வாசலில் நோயாளிகளோடு வந்தவர்களின் வரிசை. ஊற்றிக்கொண்டே வந்தேன். கடைசியில் நின்ற பெண்ணிடம் வந்தபோது அண்டா காலி. தட்டை முந்தானையால் துடைத்து நீட்டிக்கொண்டிருந்தாள். முகையூர்ப் பக்கத்து ஊர்க்காரி. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பறிக்கிற இடத்தில் அவள் கணவரைப் பாம்பு கடித்துவிட்டதாம்.

"பரவால்லக்கா, ஜல்தியா வந்திருக்கணும். அவரை வுட்டுட்டு வர முடியல" என்றாள்.

அவள் பசிக்கு உதவாத, வேகாத அரிசி என் தோள்பையில் கனத்தது. வெட்கத்தில் நிமிரவே முடியவில்லை. ரோஸியக்கா தன் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அந்தத் தட்டில் அப்படியே கவிழ்த்தார்.

டின்னை அவரிடம் கொடுத்தேன். அரிசியை அடுத்த மாதக் கஞ்சிக்கான சாக்கில் கொட்டி, அடியில் ஒரு பிடி விட்டுத் திருப்பித் தந்தார். "வெறும் டின்னா குடுக்கக்கூடாது. இனிமே நீ போட்டுக்கினு வா."

அங்கிருந்து டவுன் பஸ்ஸில் விழுப்புரம் ஜங்ஷன். சென்னைக்கு ரயில் நிறைய உண்டு, மாலையில் உட்கார இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.

போக நினைப்பவர்களுக்கு: முதல் ஞாயிறு, காலை எட்டரைக்குள் திண்டிவனத்தில் இருங்கள். அரிசி எதுவானாலும் சரி, களைவதற்கு முன் எடுத்ததாக இருக்கட்டும். ஆஸ்பத்திரி வாசலுக்கு மட்டும் பன்னிரண்டரைக்கு மேல் தாமதிக்காதீர்கள். ஆண்டவருக்கு அப்போதுதான் பசிக்கிறது.