பாலத்துப் பச்சை

சனிக்கிழமை காலைகளில் என் அண்ணி டியோலிண்டா வாளியும் ஈரத்துணியுமாக வீட்டின் ஜன்னல் அடிக்கட்டைகளை ஒன்று விடாமல் துடைப்பாள். அந்த வேலையை மட்டும் யாரிடமும் கொடுத்ததில்லை. அன்றைக்கும் துடைத்துக்கொண்டிருந்தாள், அறுபத்தாறு வயதில், தலைமுடியைச் சுருட்டிக் கட்டிய உருளைகளோடு, சர்ச் கோரஸையே தனியாளாகப் பாடிக்கொண்டு. வீட்டைப் பார்க்க ஆள் வருகிறது. வீடு விற்றால் கல்யாணம்.

மாப்பிள்ளை ஆல்வரோ, ரிட்டயரான பஸ் டிரைவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம், கடலைப் பார்த்த சின்ன வீடு அவருடையது. இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். “இங்க ஒரு காலு, அங்க ஒரு காலுன்னு என்னால நிக்க முடியாது. இத வித்துட்டு வர்றேன்” என்பதுதான் அண்ணியின் ஒரே பதில். இறந்துபோன அவள் கணவன் என் கூடப்பிறந்தவன் என்பதால் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன் என்று தெருவே எதிர்பார்த்தது. நானோ கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள நீல கவுனே வாங்கி வைத்துவிட்டேன்.

வீடு விற்காததற்குக் காரணம் பெயிண்ட்.

எங்கள் தெருவில் பாதி வீடுகள் ஒரே பச்சை. என் வீடும்தான். ஒரு காலத்தில் எங்கள் ஆண்கள் ஆற்றுப் பாலத்துக்குப் பெயிண்ட் அடிக்கப் போனார்கள்; அவர்களுடைய சாப்பாட்டுப் பெட்டிகள் காலையில் போனதைவிட மாலையில் கனமாகத் திரும்பின. அண்ணன் கொண்டுவந்தது வெளிச்சுவர், ஜன்னல், கதவு எல்லாவற்றுக்கும் போதுமானதாக இருந்து, நாய்க்கூண்டுக்கும் மிஞ்சியது. அந்தப் பெயிண்டில் ஈயம் உண்டு, வயிற்றுக்குள் போனால் விஷம். தெருவுக்கே தெரியும். ஆனால் பழைய வீட்டை விற்கிறவர் ஈயத்தைப் பற்றித் தெரிந்ததை வாங்குகிறவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிற சட்டம், தெரியாதவர்களைப் பரிசோதித்துப் பார்க்கச் சொல்லவில்லை. அதனால் எங்கள் தெருவில் யாரும் பரிசோதிப்பதில்லை. ‘தெரியாது’ என்ற கட்டத்தில் ஒரு டிக். அத்தோடு சரி.

புரோக்கர் மாலோனிக்கும் இது நன்றாகத் தெரியும், அதாவது தெரியாது. அவர் காதில் விழுந்ததை அவரும் வாங்குகிறவரிடம் சொல்லியாக வேண்டும். எனவே அண்ணி ‘அந்தப் பெயிண்டு’ என்று ஆரம்பித்தாலே ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி தோட்டத்துக்குப் போய்விடுவார். பெயிண்ட் என்ற வார்த்தையே வாயிலிருந்து வரக்கூடாது என்று கெஞ்சிப் பார்த்துவிட்டார்.

அண்ணியால் அது முடியாது. வீட்டில் அவள் பெருமைப்படுகிற ஒரே விஷயம் அதுதான். முதலில் வந்த வாத்தியார் தம்பதியிடம், “நாப்பது வருஷம், ஒரு செதில் உதிரல. கப்பலுக்கு மேல நிக்கிற பாலத்துக்கு அடிச்சதுங்க, வீட்டுக்குத் தாங்காதா?” என்றாள். வாத்தியார் மரியாதையாகத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அடுத்த முறை மாலோனி அவளை வீட்டில் இருக்க விடவில்லை. எதிர்வீட்டில், என் சமையலறை ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவர் கதவைச் சாவியால் லேசாகச் சுரண்டுவது தெரிந்ததுதான் தாமதம், வீட்டுச் செருப்போடு தெருவைக் குறுக்கே கடந்து ஓடினாள். நல்லா அழுத்திச் சுரண்டுங்க, வரவே வராது என்று அவள் கத்தியது எனக்கு இங்கே கேட்டது. அவரும் போனார்.

அன்றைக்கு மூன்றாவது முறை. எட்சன் என்ற இளைஞன், அவன் மனைவி ஜுசாரா. அவளுக்கு ஆறு மாதம். அண்ணி வெளியே போக மறுத்துவிட்டாள். பதிலாக, வாய் திறக்க மாட்டேன் என்று மாலோனிக்குச் சத்தியம் செய்து கொடுத்து, நான் சுட்டு வந்த இனிப்பு ரொட்டியில் பெரிய துண்டாகப் பிய்த்து வாயில் அடைத்துக்கொண்டாள். ஆல்வரோ தேய்த்த கோட்டில், பெண் பார்க்க வந்தவர் மாதிரி சமையலறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. எட்சனுக்கு நிலவறை பிடித்தது. ஜுசாராவுக்கு அடுப்பு பிடித்தது. மாலோனி பேனாவை எடுத்தேவிட்டார். ஆல்வரோ எனக்குக் கண்ணடித்தார். ரொட்டியோடு அண்ணியின் கன்னங்கள் இரண்டும் சந்தோஷத்தில் உப்பியிருந்தன.

அப்போதுதான் ஜுசாரா முன்னறை ஜன்னலின் அடிக்கட்டையைத் தடவிக் கொடுத்தாள். “தொட்டில இங்க போடலாம். நிக்க ஆரம்பிச்சா இதப் பிடிச்சிக்கிட்டுத் தெருவப் பாக்கும்.”

அண்ணி மெல்லுவதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். ஆல்வரோவைப் பார்த்தாள். அந்தப் பெரிய துண்டை முழுசாக விழுங்கினாள்.

“கொஞ்சம் இங்க வா கண்ணு” என்று ஜுசாராவின் கையைப் பிடித்து அடிக்கட்டையின் அடிப்பக்கத்தில் வைத்தாள். “தெரியுதா? பல்லு. என் பையன் நெல்சனோடது. இனிக்கும் போல, நக்கி நக்கிக் கடிப்பான். ரத்தத்துல ஈயம்னு ஆஸ்பத்திரியில கெடந்தான். இப்ப லாரி ஓட்டுறான், நல்லாத்தான் இருக்கான். ஆனா அஞ்சு வயசு வரைக்கும் என்னை அம்மான்னு கூப்பிடல.”

மாலோனி முணுமுணுக்கக் கூட மறந்துவிட்டார். அவள் வீட்டுக்காரர் என்ன செய்தார் என்று எட்சன் கேட்டான். பல் தடத்தை மறைக்க அண்ணன் அதன்மேல் இன்னொரு தடவை பெயிண்ட் அடித்தானாம். அதே பெயிண்ட். இதைச் சொல்லும்போது அண்ணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஜுசாராவுக்கும் வந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. சனிக்கிழமைத் துடைப்பு அந்த ஈயத் தூசிக்காகத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

மாலோனி பெருமூச்சோடு ‘தெரியும்’ என்ற கட்டத்தைக் காட்டினார். அண்ணி டிக் போட்டுப் பேனாவை அவரிடமே நீட்டினாள். கல்யாணம் போச்சு என்று நான் நினைத்தேன். ஆல்வரோ கோட்டின் பொத்தானைக் கழற்றத் தொடங்கியிருந்தார்.

மூலையில் கணவனோடு கிசுகிசுத்துவிட்டு வந்த ஜுசாரா, இவ்வளவு சொல்கிறவரிடம்தான் வீடு வாங்க வேண்டும் என்றாள். ஆனால் லைசென்ஸ் உள்ள ஆட்களை வைத்துப் பச்சையை முழுக்க எடுத்துக் கொடுத்தால் மட்டும். குழந்தை பிறப்பதற்குள் முடிந்தால் போதும். அண்ணி உடனே தலையாட்டினாள். மாலோனிக்குப் பாடவே வந்துவிட்டது, இந்த முறை பயத்தில் இல்லை.

“ஆனா ஒண்ணு” என்றார் அவர். “வேலை முடிஞ்சு பரிசோதனை ஆகுற வரைக்கும் வீட்டுக்குள்ள யாரும் தங்கக் கூடாது. திங்கக்கிழமையே காலி பண்ணணும்.”

விற்றுப் பணம் கைக்கு வர மாதங்கள் ஆகும். கல்யாணம் அதற்குப் பிறகுதான் என்று பாதிரியாரிடமே சொல்லியாயிற்று. ஆல்வரோ எழுந்து நின்றார். கழற்றிய பொத்தானை மறுபடி மாட்டினார், தப்பான துளையில்.

“என் வீட்டுல மாடி ரூம் சும்மாத்தான் கெடக்கு” என்று நான் சொன்னேன். முகத்தை எப்படி நேராக வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. “அங்க வந்துடுறீங்களா அண்ணி? இல்ல கல்யாணத்துக்கு முந்தியே ஆத்துக்கு அந்தப் பக்கமா?”

அண்ணி காது வரைக்கும் சிவந்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் அலம்பித் தரையெல்லாம் சிந்த, எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் அறையை விட்டுப் போய்விட்டாள்.