கடைசி வரிசையில் எழும்பி நின்றவள்

பதினைந்து வயதில் எங்கள் வகுப்பிலேயே உயரமான பிள்ளை நான்தான். அந்த உயரத்தை மறைக்க முதுகை வளைத்து, தோளைச் சுருக்கிக்கொண்டு நடப்பேன். இரண்டு வயது மூத்த அக்கா, என் ராத்தா, என் தோளுக்குத்தான் வருவாள். ஆனாலும் சாய்ந்தமருதுத் தெருவில் சேர்ந்து போனால் அவள்தான் பெரியவளாகத் தெரிவாள். நடை அப்படி.

அந்த வருடம் பாடசாலையில் மீலாத் விழாப் பேச்சுப் போட்டி நடந்தது. மேடையேறியதும் பர்தாவின் நுனியைத் திருகத் தொடங்கினேன். எனக்கே கேட்காத குரலில் இரண்டு வரி சொன்னேன். முன்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்போது கடைசி வரிசையில் ராத்தா எழும்பி நின்றாள். தோள்களைப் பின்னுக்குத் தள்ளி, நாடியை உயர்த்தி என்னையே பார்த்தாள். ஒரு டீச்சர் “இரி புள்ள” என்று அதட்டியும் உட்காரவில்லை. என்னை அறியாமல் என் முதுகும் நிமிர்ந்தது. குரல் வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில், “எல்லாம் மறந்திட்டு ராத்தா. உன்னக் கண்டொடனதான் ஞாபகம் வந்திச்சி” என்றேன்.

“மறக்கல்ல. கூனிக்கிட்டு நிண்டா பேச்சு எப்பிடி வெளிய வரும்?” என்று சிரித்தாள்.

அதன்பின் எங்கே பேச நேர்ந்தாலும், சனத்துக்குள் அவள் முகத்தைக் கண்டுகொண்ட பிறகுதான் வாய் திறப்பேன்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த காலையில் ராத்தா கரையோரத்தில் கூட்டாளியின் வீட்டில் இருந்தாள். அந்த வீடும் இல்லை, அவளும் இல்லை. அடக்குவதற்கு மையித்தைக்கூடக் காணக் கிடைக்கவில்லை.

பிறகு நாங்கள் முகாமில், தறப்பாள் கூரை போட்ட கொட்டிலில் இருந்தோம். குனிந்துதான் உள்ளே போகலாம். நிவாரணச் சாமான் கொடுக்கும் வரிசையிலும் தலை குனிந்தே நின்றேன். பஸ்ஸால் இறக்கிச் சோதிக்கும் இடங்களில் ஆமிக்காரரின் முகத்தைப் பார்க்காமல் நிற்கப் பழகினேன். யுத்தம் முடிந்து சோதனைகள் குறைந்தன. என் கழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

அந்த நாட்களில்தான் ஆசிரிய நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். மேசைக்கு அப்பால் இரண்டு ஆண்களும் நடுவயதுப் பெண் ஒருவரும் இருந்தார்கள். கேட்டவற்றுக்கெல்லாம் விடை தெரிந்தும் முணுமுணுத்தேன். அந்தப் பெண் கோப்பை மூடிவிட்டு முன்னால் சாய்ந்தார்.

“பிள்ள, மேசையோட கதைக்காதீங்க. எங்களப் பாருங்க.”

தலையை உயர்த்தினேன். பழக்கத்தில் கண் அவர்களைத் தாண்டிப் பின்னால் தேடியது. ஓர் அலுமாரியும் வெறுஞ்சுவரும்தான் இருந்தன. பாதங்களை நிலத்தில் ஊன்றினேன். கைகளை விரித்து மடியில் வைத்தேன். தோள்களை நானே பின்னுக்கு இழுத்தேன். கதைக்கத் தொடங்கியபோது குரல் நடுங்கியது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. அந்தப் பெண் தலையை அசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நிந்தவூரில் ஒரு பாடசாலை கிடைத்தது. செய்தி வந்த அன்று உம்மா இனிப்புக்கு வட்டிலப்பம் அவித்தார். அயல்வீடுகளுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, ஓரத்துத் துண்டு ஒன்றை வெட்டித் தனியாக மூடி வைத்தார். ஓரத்துண்டு ராத்தாவுக்குத்தான் விருப்பம்.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு உம்மா அந்தத் துண்டை என்னிடம் நீட்டி, “நீ தின்னு மகள்” என்றார். தின்றேன்.