மண்டபத்தில் மிச்சமிருந்த ஒரு சீட்

2002-ஆம் வருடம், ஜூன் மாதம். விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. அங்கே அன்று கல்யாணம் எதுவும் இல்லை. என் மகளுக்கு ப்ளஸ் ஒன் சீட் கேட்டுப் போயிருந்தோம்.

எங்களுக்குத் திண்டிவனம். என் கணவர் மின்வாரியத்தில் லைன்மேன். மகள் உள்ளூர்ப் பள்ளியில் பத்தாவது எழுதி நல்ல மார்க் வாங்கியிருந்தாள். எங்களை விட்டிருந்தால் பேசாமல் ஊரிலேயே பதினொன்றாவது சேர்த்திருப்போம். ஆனால் என் கணவருக்கு வளவனூரில் ஒரு அண்ணன் இருக்கிறார். தன் மகனை நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் போட்டு, அப்படியே இன்ஜினீயரிங் சேர்த்துவிட்டவர். ரிசல்ட் வந்த அன்றைக்குச் சாயங்காலமே ஸ்வீட் பாக்கெட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டார். இவளை இங்கேயே வைத்துக்கொண்டிருந்தால் டாக்டர் ஆக முடியாது என்றார். டாக்டராக வேண்டும் என்று என் மகள் ஒரு நாளும் சொன்னதில்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை.

அந்தப் பள்ளியில் அப்ளிகேஷன் கிடைப்பதே குதிரைக்கொம்பு, ஜல்தியாகப் போகவேண்டும் என்று அவர் அவசரப்படுத்தியதில், நானும் என் கணவரும் முதல் பஸ் பிடித்து விழுப்புரம் போய், அங்கிருந்து சேலம், அங்கிருந்து நாமக்கல், அதற்குமேல் ஒரு டவுன் பஸ் என்று மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். நல்ல உச்சி வெயில். சோளக்காட்டுக்கு நடுவில் கோட்டை மாதிரி ஒரு பள்ளி. கேட்டில் இருந்த வாட்ச்மேன் எந்த ஜில்லா என்று கேட்டார். சொன்னோம். உங்கள் ஜில்லாவுக்கு விழுப்புரத்திலேயே ஒரு மண்டபத்தில் அப்ளிகேஷன் கொடுக்கிறார்களே, பரீட்சையும் அங்கேதானே, எதற்கு இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்றார். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், ஒன்றே ஒன்று கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தோம். உங்கள் ஜில்லா அப்ளிகேஷன் கட்டு இங்கே இல்லை என்று கேட்டைச் சாத்திவிட்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் கணவரோ நிழலில் நின்று தண்ணீர் குடித்துவிட்டு, "நல்லதாப் போச்சு. பரீட்சைக்கு இவ்ளோ தூரம் அலைய வேணாம் பாரு" என்றார். எதிலும் ஒரு நல்லதைக் கண்டுபிடித்துவிடுகிற மனிதர் அவர். அப்படிப்பட்டவரோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு எரிச்சல் என்பது நடத்துகிறவர்களுக்குத்தான் தெரியும்.

விழுப்புரத்தில் அப்ளிகேஷன் போட்டோம். அடுத்து நுழைவுப் பரீட்சை. மண்டபத்தில் முந்தின நாள்தான் கல்யாணம் நடந்திருக்கவேண்டும். மேடையில் தெர்மாகோலில் எழுதிய மணமக்கள் பெயர்கூட அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, தரையில் சம்மணம் போட்டுப் பிள்ளைகள் வரிசை வரிசையாகப் பரீட்சை எழுதினார்கள். சாம்பார் வாடை இன்னும் போகவில்லை. நானூறு, நானூற்றைம்பது மார்க் வாங்கிய பிள்ளைகளை எதற்கு மறுபடி தரையில் உட்காரவைத்துப் பரீட்சை வைக்கிறார்கள் என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த பெற்றோர் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

வெயிட்டிங் லிஸ்ட்டில்தான் பெயர் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே மண்டபத்துக்கு அப்பா, அம்மா இரண்டு பேரும் கட்டாயம் வரவேண்டும் என்று போனில் சொன்னார்கள். ஒருவர் வராவிட்டாலும் சீட் கிடையாதாம்.

போனோம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசைப்படி உட்காரவைத்தார்கள். எங்களுக்கு அடுத்த நாற்காலியில் மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து ஒரு பெண் தன் மகளோடு வந்திருந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள். வந்ததிலிருந்து ஓயாமல் பேச்சு. பெயர் எப்போது கூப்பிடுவார்கள், ஃபேன் ஏன் சுற்றவில்லை, ஹாஸ்டலில் மீன் போடுவார்களா என்று ஒவ்வொன்றையும் என்னிடமே கேட்டாள். அவள் வீட்டுக்காரர் வரவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய கவலை. "கடலுக்குப் போன மனுசன நான் எப்படிக்கா இட்டுகினு வர்றது? கேட்டா இன்னா சொல்றது?" என்று மூன்று தடவையாவது கேட்டிருப்பாள். அவித்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை, ஒரு பை நிறைய வைத்திருந்தாள். வேண்டாம் வேண்டாம் என்றாலும் என் மடியில் கொட்டினாள். எனக்கு இருந்த படபடப்பில் அவள் பேச்சு பேஜாராக இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டுகூட உட்கார்ந்து பார்த்தேன். அவள் என் மகளோடு பேச ஆரம்பித்துவிட்டாள்.

வரிசை பாதி நகர்ந்த பிறகு ஒருவர் மைக்கில் வந்து, எல்லா சர்ட்டிபிகேட்டுக்கும் மூன்று மூன்று ஜெராக்ஸ் வேண்டும், இல்லாதவர்கள் மேஜைக்கு வரவேண்டாம் என்றார். இதைப் போனிலேயே சொல்லியிருந்தால் என்ன? என் கணவர் ஃபைலை எடுத்துக்கொண்டு, இதோ வந்துவிடுகிறேன் என்று வெளியே போனார்.

போனவர் போனவர்தான். அவர் போன கொஞ்ச நேரத்தில் மண்டபத்திலும் கரண்ட் போனது. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நாற்காலிகள் காலியாகிக்கொண்டே வந்தன. மகளிடம் அசையாமல் உட்கார் என்று சொல்லிவிட்டு அவரைத் தேடி ஓடினேன்.

இரண்டு தெரு தள்ளி ஒரு ஜெராக்ஸ் கடை. வாசலில் கூட்டம். கரண்ட் இல்லை. என் கணவர் கடையில் இல்லை. எதிரே ஒரு மின்கம்பத்தின் கீழே அண்ணாந்து நின்றுகொண்டு, மேலே ஏறியிருந்த விழுப்புரத்து லைன்மேனுக்கு ஃபியூஸ் கட்டை பற்றி யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆளும் பாதி ஏணியில் நின்றபடி இவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அந்தக் கம்பத்திலேயே முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நான் கத்தியதும் திரும்பிப் பார்த்து, "ரெண்டு நிமிசம் இரு. இப்ப கரண்ட் வந்துரும்" என்றார்.

அப்போதுதான் அந்தக் குப்பத்துப் பெண்ணின் மகள் எங்களைத் தேடி ஓடி வந்தாள். மூச்சு வாங்குகிறது. "பேரு கூப்ட்டாங்க. உங்கள உடனே இட்டார சொல்லிச்சு அம்மா" என்றாள். மூன்று பேரும் ஓடினோம்.

மண்டபத்துக்குள் ஒரே சத்தம். மேஜைக்கு முன்னால் அந்தப் பெண் மல்லாட்டைப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் உட்காரவும் இல்லை, நகரவும் இல்லை. பின்னால் இருந்தவர்கள் வழியை விடும்மா என்று கத்துகிறார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், ஏதோ ஒன்று சொல்லித் தொலையுங்கள் என்கிற முகத்தோடு இருந்தார். பக்கத்தில் என் மகள் அழுகிற நிலையில் நிற்கிறாள். எங்களைப் பார்த்ததும் அந்தப் பெண், "தோ வந்துட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

அவர் எங்களை வாய்க்கு வந்தபடி திட்டினார். பிள்ளையின் படிப்பில் அக்கறை இல்லாத பெற்றோர் என்றார். என் கணவர் கரண்ட் போன காரணத்தை விளக்க ஆரம்பித்தார். நான் அவர் கையைக் கிள்ளினேன். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டோம். இவ்வளவு அமர்க்களத்துக்குப் பிறகு அந்த ஜெராக்ஸை அவர் கேட்கவே இல்லை. பள்ளி திறக்கிற அன்று கொண்டுவந்தால் போதுமாம்.

எங்கள் ஃபைலை வாங்கி வைத்துக்கொண்டு, பெண்கள் ஹாஸ்டலில் சீட் முடிந்தது, மற்றவர்கள் போகலாம் என்று அறிவித்தார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அந்தப் பெண் மகளை அழைத்துக்கொண்டு கிளம்பியிருந்தாள். எனக்கு இருந்த எரிச்சல் முழுக்க என் கணவர்மேல். பஸ் ஸ்டாண்ட் வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

விக்கிரவாண்டி தாண்டியபோது என் மகள் அழ ஆரம்பித்தாள். சீட் கிடைத்ததற்கு எதற்கு அழுகை என்று கேட்டேன். அப்போதுதான் நடந்ததைச் சொன்னாள்.

அவள் பெயரைக் கூப்பிட்டதும் தனியாகப் போய் நின்றிருக்கிறாள். அப்பா அம்மா இல்லையென்றால் கடைசியில் போய் நில் என்று சொல்லிவிட்டார்கள். அப்போது மிச்சம் இருந்ததே ஒரே ஒரு சீட்தான். அடுத்த பெயர் அந்தக் குப்பத்துப் பெண்ணின் மகளுடையது. வீட்டுக்காரர் வராததைப் பற்றிக்கூட அவர்கள் கேட்கவில்லை. வா, வந்து கையெழுத்துப் போடு என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் குப்பத்துப் பெண் மேஜைக்கு வந்தாள். ஆனால் பேனாவை வாங்கவில்லை. இந்தப் பெண்ணைத்தானே முதலில் கூப்பிட்டீர்கள், அவள் அம்மா வெளியே இருக்கிறாள், இப்போது வந்துவிடுவாள் என்று சொல்லியிருக்கிறாள். உனக்கு வேண்டாமென்றால் சொல், உனக்கு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறேன் என்று அவர் மிரட்டியிருக்கிறார்.

"வேணாம்னு நான் சொல்லல சார். எங்களுக்கு வேணும். ஆனா வரிசைல இந்தப் பொண்ணு முன்னாடி கீது" என்றாளாம். இதைச் சொல்லிவிட்டு, தன் மகளை எங்களைத் தேட அனுப்பிவிட்டு, பின்னால் இருப்பவர்கள் யாரும் முன்னால் வர முடியாதபடி மேஜையை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

என் கணவர்கூட அதில் எந்த நல்லதையும் கண்டுபிடிக்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவள் பெயர், ஊர் எதையும் நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. கை நிறைய அவள் கொடுத்த மல்லாட்டையைத் தின்றதுதான் மிச்சம்.

மகளை ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டோம். விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுப்பிவிடுவார்களாம். நாள் முழுக்கப் பரீட்சையாம். தமிழில் படித்த பெண்ணுக்குத் திடீரென்று எல்லாம் இங்கிலீஷ். ஞாயிற்றுக்கிழமை போனில் வந்தால் பேசமாட்டாள், விசும்புகிற சத்தம் மட்டும் கேட்கும். கணவரின் அண்ணன் வளவனூரிலிருந்து போன் செய்து, பழகிவிடும், மனதைத் தளரவிடாதீர்கள் என்பார். ஆடி பிறப்பதற்குள் காய்ச்சல் வந்து, அது விடவே இல்லை. என் கணவர் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போய், பெட்டி படுக்கையோடு அவளை அழைத்து வந்துவிட்டார். சர்ட்டிபிகேட்டைத் திரும்ப வாங்க அதற்குப் பிறகும் எத்தனையோ நடை. அதைத் தனியாகவே எழுதலாம், அவ்வளவு கூத்து.

அவள் பத்தாவது படித்த பள்ளியில் அட்மிஷன் முடிந்துவிட்டது என்றார்கள். கெஞ்சிக் கூத்தாடித் திண்டிவனத்திலேயே வேறொரு அரசுப் பள்ளியில் சேர்த்தோம். முதல் நாள் அவளை விடப் போனேன். கேட்டுக்கு வெளியே பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள் அந்தக் குப்பத்துப் பெண். கூடவே யூனிபார்மில் அவள் மகள்.

எங்கே போய் ஒளிந்துகொள்வது என்று தெரியவில்லை. அவளாகவே வந்து, "இன்னாக்கா, இங்க?" என்று கேட்டாள். காய்ச்சல், ஹாஸ்டல் எல்லாவற்றையும் திக்கித் திக்கிச் சொன்னேன். பரவாயில்லை என்று அவள் சொல்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் முகம் கறுத்துவிட்டது.

"சீட்ட அப்படியே வுட்டுட்டு வந்துட்டீங்களா? வேணாம்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா. நாங்க போயிருப்போம் இல்ல?" என்றாள்.

அவள் கேட்டதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. உள்ளே மணி அடித்தது. எங்கள் பெண்கள் இரண்டு பேரும் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் பேசிக்கொண்டே போனார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "சரி வுடுங்க. பொண்ணுக்கு ஜுரம் சுத்தமா வுட்டுதா?" என்று கேட்டாள்.

விட்டுவிட்டது என்றேன். கொஞ்சம் தைரியம் வந்து, அன்றைக்கு ஏன் அப்படி நின்றாய் என்று கேட்டேன். அவள் யோசித்துப் பார்த்தாள். "யோசிச்சிகினு இருந்தா கையெழுத்துப் போட்டிருப்பேன்க்கா. யோசிக்கல, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

இரண்டு பெண்களும் ப்ளஸ் டூவை அங்கேயே முடித்தார்கள். யாரும் டாக்டர் ஆகவில்லை. என் மகள் இப்போது பேங்கில் இருக்கிறாள், அவள் மகள் நர்ஸ். நாங்கள் பொங்கலுக்கும் தேர்த் திருவிழாவுக்கும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வந்துகொண்டிருக்கிறோம். ஆனாலும் அந்த சீட் பேச்சை இன்றுவரை இரண்டு பேரும் எடுப்பதில்லை. அவள் அதை முழுதாக மன்னித்துவிட்டாளா என்பது எனக்குத் தெரியாது, கேட்கவும் பயம். ரேஷன் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவர் எங்கோ எழுந்து போயிருக்க, அடுத்து நீங்கள் வாருங்கள் என்று என்னைக் கூப்பிடும்போது மட்டும், ஒரு நிமிடம் கால் எழும்பமாட்டேன் என்கிறது. அவர் வெளியேதான் இருப்பார், இப்போது வந்துவிடுவார் என்று என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.